வருகை நோட்டு

ஊரைவிட்டுப் போனவர்களுக்கு யாரும் ஒரு பைசா கொடுக்கவில்லை. அவர்கள் தாங்களாகவே மூட்டை கட்டிக்கொண்டு, காலை பஸ்ஸுக்கு நின்று, குடும்பம் குடும்பமாக மலையிறங்கிப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புகள் ஒன்றாயின. ரொட்டிக் கடைக்காரர் வாரத்தில் மூன்று நாள்தான் அடுப்பு மூட்டினார். அதன் பிறகுதான் நகரசபைக்கு ஞானோதயம் வந்தது. மேலே வந்து இரண்டு வருஷம் தங்குகிறவர்களுக்கு வாடகை இலவசம், இணைய இணைப்பு இலவசம், சாமான் ஏற்றிவரும் லாரிச் செலவும் சபையுடையது என்று விளம்பரம் செய்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர்களாக இருந்தால் போதும். மலை, மேகம், சுத்தமான காற்று என்றெல்லாம் படம் போட்டிருந்தார்கள். அதே காற்றை ஓசியில் இழுத்துக்கொண்டு பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த விளம்பரத்தில் இடமில்லை.

கூடத்து அக்காவுக்கு முதலில் இந்தத் திட்டத்தின்மேல் கோபம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் அதனால்தான் அவளுக்கு வேலையே கிடைத்தது. மூடிக் கிடந்த பழைய தபால் ஆபீஸைக் கழுவிவிட்டு, பன்னிரண்டு மேஜை போட்டு, புதிதாய் வந்தவர்கள் உட்கார்ந்து வேலை செய்யப் பணிக்கூடம் என்று ஒன்று திறந்தார்கள். காலை ஆறு மணிக்குக் கதவு திறப்பது, படியில் உறைந்த பனியை மண்வெட்டியால் சுரண்டி உப்புத் தூவுவது, ஹீட்டர் போடுவது, மேஜை துடைப்பது, வெந்நீர் வைப்பது, யாராவது மறந்துவிட்டுப் போன சார்ஜரைச் சுருட்டிப் பேர் எழுதி எடுத்து வைப்பது எல்லாம் அவள் பொறுப்பு; கூடத்து அக்கா என்ற பேரும் அதனால் வந்ததுதான். "அக்கா, நெட் போச்சு" என்று யாராவது கத்தினால் சுவரில் இருக்கும் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடவும் கற்றுக்கொண்டிருந்தாள். அதற்கும் மசியாவிட்டால் கையை விரித்துவிடுவாள்.

இவை எல்லாவற்றையும்விட அவள் பெரிதாக நினைத்தது வருகை நோட்டை. யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று எழுதினால் போதும் என்று சொல்லித்தான் சபை எழுத்தர் அதைக் கொடுத்தார். இவளோ பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் எண் போட்டாள், ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தாள். வந்தவர்கள் கோழி கிளறின மாதிரி எழுதுகிறார்கள் என்று பேரையும் நேரத்தையும் தானே எழுதிவிட்டு, எதிரே சின்னதாக ஒரு கையெழுத்து மட்டும் வாங்கினாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஒருநாள் எழுத்தர் அதைப் புரட்டிப் பார்த்து, "எங்க ஆபீஸ் நோட்டையெல்லாம் உங்ககிட்டக் கொடுத்துடலாம் போலிருக்கே" என்றார். அதை வீட்டில் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள்.

"இன்னொரு தடவை சொன்னேன்னா நானே போய் அந்த ஆளுக்கு மாலை போட்டுட்டு வந்துடுவேன்" என்பார் அவள் கணவர். அவர் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர். ஆள் உயரச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருத் தெருவாய்ப் போய் வால்வு திருகுவார். வால்வுக்காரர் என்றால்தான் ஊரில் எவருக்கும் தெரியும்.

திட்டத்தின் சங்கதி கீழே குடியேறிவிட்ட வீட்டுக்காரரின் காதுக்கும் எட்டியபோதுதான் இவர்களுக்கு வினை வந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் விறகு அடுக்க ஒரு தகரச் சாய்ப்பு. இருபத்திரண்டு வருஷமாக அவர்கள் அதில் குடியிருந்தார்கள். மகள் பிறந்ததே அங்கேதான். அன்றைக்குப் பனிக் கொட்டலில் வண்டி ஏற முடியவில்லை.

"உங்களைக் குறை சொன்னா என் நாக்கு அழுகிடும்மா" என்றார் வீட்டுக்காரர் போனில். "ஒரு மாசம் வாடகை பிந்தினதில்ல. ஆனா திட்டத்துல வர்றவங்களுக்கு வீடு விட்டா சபை ரெண்டு வருஷ வாடகைய மொத்தமா கையில கொடுக்குது. எனக்கு ஆபரேஷன் வேற இருக்கு."

"நாங்களும் கூட்டித் தர்றோம் ஐயா."

"நீங்க எவ்வளவு கூட்டுவீங்க? யானைப் பசிக்குச் சோளப்பொரி."

"ஊர்ல வேற வீடே இல்லீங்களே. எல்லாத்தையும் புதுசா வந்தவங்களுக்கு விட்டுட்டாங்க. மாட்டுக் கொட்டகைக்குக்கூட ஜன்னல் வெச்சு வெள்ளையடிச்சுட்டாங்க."

"அதான் எனக்கும் சங்கடமா இருக்கு. ஒண்ணு செய்யுங்க. உங்க பொண்ணு கம்ப்யூட்டர் வேலைதானே பாக்குது? அது பேர்ல திட்டத்துல வந்துடுங்க. உள்ள யார் இருந்தா எனக்கென்ன? திட்டத்துல வரணும், அவ்வளவுதான்."

மகளுக்கு, டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு டைப் அடித்துக் கொடுக்கிற வேலை. மூன்று பேரும் எழுத்தரைப் போய்ப் பார்த்தார்கள். அவர் விதிகளை இரண்டு முறை படித்தார். உள்ளூரிலேயே இருக்கிறவர்களுக்குத் திட்டம் கிடையாது. ஒரு வருஷம் வெளியூரில் இருந்த அத்தாட்சியோடு திரும்பி வந்தால் உண்டு. அப்படி வருகிறவர்கள் தாய் தகப்பனைக் கூட வைத்துக்கொள்ளலாம் என்றார்.

"அப்போ இங்க இருக்கறதுக்கு முதல்ல இங்கேருந்து போகணும்?" என்று கேட்டாள் மகள்.

எழுத்தர் நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டு, "ஆமா" என்றார்.

வீட்டுக்காரர் ஒரு வருஷம் பொறுக்கச் சம்மதித்தார். மகள் ஒரு பெட்டியோடு கீழே போனாள். மேம்பாலத்துக்குக் கீழே, நான்கு பெண்கள் தங்கும் அறை; ஜன்னலைத் திறந்தால் லாரிப் புகை. நாலு பேருக்கு நடுவே கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்து, காதை அடைத்துக்கொண்டு, யாருடைய சிறுநீரகத்தைப் பற்றியோ டைப் அடித்தாள். "எப்படிடி இருக்கே?" என்று கேட்டால், "ஜெயில்ல இருக்கேன், நன்னடத்தையில சீக்கிரம் விட்டுடுவாங்க" என்பாள். சிரிப்பாள். போனை வைத்ததும் கூடத்து அக்கா சமையலறையில் கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள்.

எட்டாவது மாதம், நல்ல பனியில், வால்வுக்காரர் வால்வுக் குழிக்குள் விழுந்தார். இரும்பு மூடியின்மேல் கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. கால் வழுக்கி, சாவியோடு உள்ளே போய்விட்டார். தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. அந்த வலியிலும், தூக்க வந்தவர்களிடம், "மேல்தெருவுக்குத் தண்ணி இன்னும் விடல, யாராவது ரெண்டு திருப்பு திருப்புங்கப்பா" என்றாராம்.

மகள் முதல் பஸ்ஸில் ஓடிவந்தாள். அப்பாவைத் திருப்பிப் படுக்கவைப்பதும் துடைத்துவிடுவதும் ஒருத்தியால் ஆகிற காரியமில்லை. காலையில் இருவரும் சேர்ந்து அதை முடிப்பார்கள். கஞ்சி கொடுத்துவிட்டுக் கூடத்துக்கு வருவார்கள். வீட்டில் கிடைக்கிற இணைப்பில் டாக்டர்களின் பேச்சு விட்டுவிட்டு வந்தது. மதியம் மாற்றி மாற்றிப் போய் அவரைப் பார்த்துக்கொண்டார்கள்.

முதல் நாள் மகள் நேராகப் போய் மூலை மேஜையில் உட்கார்ந்தாள்.

"நோட்டுல கையெழுத்து போடு" என்றாள் தாய்.

"எனக்கெதுக்கும்மா? நான் என்ன வெளியாளா?"

"வெளியாளோ உள்ளாளோ, நாற்காலியில உக்காந்தா கையெழுத்து."

"உன் பொண்ணுதானேன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

"என் பொண்ணுங்கறதாலதான் கேப்பாங்க. சபை போட்ட ஹீட்டர், சபை போட்ட நெட்டு. தாய் பெருக்குறா, மகள் ஓசியில உக்காந்து சம்பாதிக்கிறான்னு ஊர் சொல்லணுமா? போடு."

மகள் நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டுப் போட்டாள். பதினான்கு நாளும் போட்டாள். பதினைந்தாம் நாள் கீழே போய்விட்டாள்.

வருஷம் எப்படியோ முடிந்தது. வால்வுக்காரர் ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்திருந்தார். மகள் கீழேயிருந்தே விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது, அத்தாட்சிகள் சரியாக இருந்தன. வீட்டுக்காரர் கொடுத்த கெடுவுக்கு இன்னும் ஒன்பது நாள். சரிபார்க்க ஆள் வரும் என்று மட்டும் தகவல் வந்திருந்தது.

அவர் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். கழுத்து வரை கம்பளி சுற்றிய, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த நடுவயசுக்காரர். எழுத்தர் லீவில் இருந்ததால் நேரே கூடத்துக்கு வந்தார். உள்ளே அன்றைக்கு ஒரே ஒருவர்தான். தாடிக்காரர் என்று அவள் பேர் வைத்திருந்த, எதையோ வரைந்து தள்ளிக்கொண்டே இருக்கிற ஒரு மனிதர்.

"வருகைப் பதிவு ஏதாவது வெச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார் அதிகாரி.

வெச்சிருக்கீங்களாவா! அவள் முந்தானையால் அட்டையை ஒரு துடை துடைத்து, இரண்டு கையாலும் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவர் புரட்டினார். புருவம் உயர்ந்தது. "பக்கத்துக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கீங்க!"

"ஒரு தாள் போனாலும் தெரிஞ்சுடும் சார்."

"பிரமாதம். இருபது ஊர் பாத்துட்டேன், இப்படி ஒரு நோட்டை எங்கயும் பாக்கல."

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிளாஸ்கிலிருந்து சூடாக டீ ஊற்றிக் கொடுத்தாள். அவர் ஒரு காகிதக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு, விண்ணப்பப் பேர்களையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. அடுத்த பக்கத்திலும் நின்றது. பென்சிலால் புள்ளி வைத்து எண்ணினார்.

"பதினாலு" என்றார் தனக்குள்.

"என்ன சார்?"

"இல்ல, ஒரு பொண்ணு விண்ணப்பம் போட்டிருக்கு. போன வருஷம் பூரா கீழ இருந்ததா அத்தாட்சி கொடுத்திருக்கு. ஆனா பாருங்க, பதினாலு நாள் இங்க உக்காந்து வேலை செஞ்சிருக்கு."

"செஞ்சா என்ன சார்? சும்மா வந்துட்டுப் போயிருக்கும்."

"பத்து நாள் வரைக்கும் ஒண்ணுமில்லம்மா. அதுக்கு மேல இங்க தங்கி வேலை பாத்திருந்தா உள்ளூர் ஆள்னுதான் கணக்கு. நிறையப் பேர் ஏமாத்தறாங்கன்னு போன மாசம்தான் புது உத்தரவு வந்துச்சு. பாவம், அதுக்குத் தெரிஞ்சிருக்காது." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இதைத் தள்ள வேண்டியதுதான்."

அவள் சுவரில் சாய்த்திருந்த துடைப்பத்தை எடுத்துப் பிடித்துக்கொண்டாள். பதினாலு. பத்துக்கு மேல் நாலு. அந்த நாலு நாள் மகள் சும்மா உட்கார்ந்திருந்தால், தான் பேசாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால், ஊர் என்ன சொல்லியிருக்கும்? ஒன்றும் சொல்லியிருக்காது. ஊரில் ஆளே இல்லை, சொல்ல. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் அவள்தான். ஒன்பது நாள் கழித்துக் கட்டிலோடும் ஊன்றுகோலோடும் அந்த மனிதரை எந்தத் தெருவில் கொண்டுபோய் உட்காரவைப்பது?

"சார்" என்றாள். "அது பொய் சார்."

"எது?"

"அந்தப் பதினாலு நாள். அந்தப் பொண்ணு இங்க வரவேயில்ல. நான் எழுதினது."

அதிகாரி பென்சிலை வைத்தார். "நீங்களா? எதுக்கு?"

"பனிக்காலத்துல கூடத்துக்கு ஆள் வர்றதில்ல. நாளைக்கு அஞ்சு பேராவது வரலேன்னா கூடத்தை மூடிடுவோம்னு சபையில சொன்னாங்க." இது மட்டும் நிஜம். "மூடினா என் வேலை போயிடும். அதான் பேர் சேத்து எழுதினேன். ஊர்ல பொறந்த பொண்ணு, பேர் சட்டுனு ஞாபகம் வந்துச்சு. பேரெல்லாம் என் கையெழுத்துதான், பாருங்க."

"எதிர்ல கையெழுத்து?"

"அதுவும் நான் கிறுக்கினதுதான் சார்."

அவர் நோட்டையும் அவளையும் பார்த்தார். இதற்குள் தாடிக்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றியிருந்தார். அந்தப் பதினாலு நாளும் பக்கத்து மேஜையில் இருந்தவர் அவர். மகளிடம் பிஸ்கட் வாங்கித் தின்றவர்.

"உங்களுக்குத் தெரியுமா சார்?" என்று அதிகாரி அவரிடம் கேட்டார். "இந்தப் பேர்ல யாராவது இங்க வந்து பாத்திருக்கீங்களா?"

தாடிக்காரர் நாற்காலியைத் திருப்பினார். அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலை குனிந்து துடைப்பத்தின் காம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஞாபகமில்ல" என்றார் அவர். "இங்க நான் யாரையும் நிமிந்து பாக்கறதில்ல."

அதிகாரி பெருமூச்சு விட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். "ரொம்பத் தப்பும்மா இது. இவ்வளவு அழகா எழுதிட்டு உள்ள பூரா பொய்யா? நான் எழுதிக்கிட்டே ஆகணும். உங்க வேலைக்கு நான் உத்தரவாதம் சொல்ல முடியாது, தெரியுதில்ல?"

"தெரியுது சார்."

"அந்தப் பொண்ணு உங்களுக்கு யாரு?"

"யாருமில்ல சார்" என்றாள்.

அவர் எழுதினார், அவள் கையெழுத்துப் போட்டாள். இரண்டு வருஷமாக அவள் நிமிர்ந்து நடந்ததே அந்த நோட்டை வைத்துத்தான். போகட்டும். வீடு இருந்தால் போதும், வேலைக்கென்ன, நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொள்ளலாம் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாள்.

"சரி" என்றார் அதிகாரி தாளை மடித்து. "முறைக்கு அந்தப் பொண்ணையும் ஒரு வார்த்தை கேட்டுடறேன். நேர்காணல்னு ஒண்ணு எழுதணும்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னொரு டீ கொண்டுவர்றேன் சார், அப்புறம் பேசுங்க" என்று பின்னறைக்கு ஓடினாள். வெந்நீர் அடுப்பின் பக்கத்தில் நின்று மகளுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் சொந்தப் போனை எடுக்கக் கூடாது என்று கம்பெனி உத்தரவு. மகள் அதை அலமாரியில் வைத்துவிட்டுத்தான் உட்காருவாள். அதுவும் தாய் சொல்லிக் கொடுத்ததுதான்: சம்பளம் வாங்குற நேரத்துல சொந்தக் கதை பேசக் கூடாது. மறுபடி போட்டாள். எடுடி, எடுடி, எடுத்துத் தொலையேன்டி என்று அடுப்பைப் பார்த்துக் கெஞ்சினாள். டீக்கு வைத்த பால் பொங்கி வழிந்தது.

விண்ணப்பத்தில் இருந்தது கம்ப்யூட்டர் வழியாகக் கூப்பிடுகிற ஆபீஸ் எண். டீயோடு அவள் திரும்பி வந்தபோது அதிகாரியின் போன் மேஜைமேல் கிடந்தது. மகளின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"சொல்லுங்க சார், உங்க போனுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

"ஒரே ஒரு கேள்விதாம்மா. இங்க பணிக்கூடத்து நோட்டுல உங்க பேர் பதினாலு நாள் இருக்கு. அதை இங்க இருக்கற அம்மா தானா எழுதினதா சொல்றாங்க. நீங்க வந்தீங்களா, இல்லையா?"

கூடத்து அக்கா டீயைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள். வாயைத் திறந்து கத்திவிட வேண்டும் போலிருந்தது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தானா எழுதினதா?" மகளின் குரலில் கோபம் ஏறியது. "யார் சார் அப்படிச் சொன்னது? அந்த நோட்டுல ஒரு எழுத்து பொய் இருக்காது சார். எங்கம்மா எழுதற நோட்டு அது. நான் வந்தேன். அப்பாவுக்குக் கால் ஒடிஞ்சு கிடந்தாரு, பதினாலு நாள் அங்க உக்காந்துதான் வேலை பாத்தேன். நான் வேணாம்னு சொல்லியும் ஒருநாள் விடாம கையெழுத்து வாங்கினாங்க. அவங்களைப் பத்தி யாரோ வேணும்னே கோள் சொல்லியிருக்காங்க சார். நம்பாதீங்க."

தாடிக்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார். அதிகாரி மூக்கைத் துடைத்தார், தொண்டையைச் செருமினார். மடித்து வைத்த தாளைப் பிரித்து அதிலிருந்த கையெழுத்தைப் பார்த்தார். அவள் போட்டுக் கொடுத்த கையெழுத்து.

"அந்தத் தாளை மட்டும் கிழிச்சுடுங்க சார்" என்றாள் அவள் மெதுவாக. "அதுவாவது."

"முடியாதும்மா" என்றார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "ரெண்டையும் நான் அனுப்பியாகணும். எதை நம்பறதுன்னு மேல இருக்கறவங்கதான் சொல்லணும். பொண்ணு சொல்றதைத்தான் நம்புவாங்க. பேசணும்னா பேசுங்க." போனை அவள் பக்கம் தள்ளிவிட்டு, காகிதங்களைப் பையில் அடுக்க ஆரம்பித்தார்.

"அம்மா? அம்மா, நீயா இருக்கே அங்க?" என்றாள் மகள். "யாரும்மா அது, உன்னைப் பத்தி அப்படிச் சொன்னது? நல்லா கேட்டு விட்டுட்டேன். எனக்குப் படபடன்னு வந்துடுச்சு. வீடு விஷயத்துல ஒண்ணும் ஆகாதில்ல? நான் சரியாத்தானே சொன்னேன்?"

கூடத்து அக்கா போனை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள். ஒன்பது நாள் என்பது ஒருமுறை மனசுக்குள் வந்து போயிற்று. கணவர் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, இவள் நல்ல சேதியோடு வருவாள் என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"சரியாத்தான்டி சொன்னே" என்றாள்.